இடிச்சுக் கட்டவா, பூட்டி வைக்கவா, தள்ளிக் கட்டவா? எங்க தீர்த்தக்கரைக்கு எது ஒத்துவரும்

எங்க அய்யா காலத்து வீடு ஒண்ணு ராமேஸ்வரத்துல மேற்கு ரத வீதிக்குப் பின்னாடி ஒரு சந்துல இருக்கு. முருகைக்கல் சுவரு, அதாவது கடல் பவளப்பாறையில வெட்டுன கல்லு, சுண்ணாம்புக் காரை, மேல நாட்டு ஓடு, நடுவுல சின்னதா ஒரு முற்றம், முற்றத்து மூலையில ஒரு கெணறு. கூட்டுச் சொத்து. நானு, ராம்நாட்டுல இருக்குற அக்கா, சென்னையில இருக்குற சித்தப்பா மகன், மூணு பேருக்கும் பங்கு. போன தை அமாவாசைக்கு மூணு பேரும் ஒண்ணாப் போயிருந்தப்ப ஒரு பில்டர் வந்து, இத இடிச்சிட்டு தரைக்கு மேல மூணு மாடி போட்டா 18 ரூம் எடுக்கலாம், பாதி உங்களுக்கு பாதி எனக்குனு பேப்பர்ல வரைஞ்சே காட்டிட்டாரு. தம்பி உடனே சரின்னுட்டான், அவனுக்குப் பிள்ளைங்க படிப்புச் செலவு இருக்கு, அவனக் குத்தம் சொல்ல முடியாது. அக்கா கெணத்தடியிலயே உக்காந்துக்கிட்டு வேணாம்னு சொல்லிருச்சு. நான் ரெண்டு மாசம் டயம் கேட்டேன்.

அந்த ரெண்டு மாசத்துல எனக்குப் புரிஞ்சது என்னன்னா, எங்க மூணு பேருக்குள்ள நடக்குற சண்டைதான் மொத்த ஊருக்கும் நடக்குது. ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை, திருப்புல்லாணி எல்லாமே ஜனங்க குளிக்க வர்றதால உண்டான ஊருங்க. இப்ப கூட்டம் பெருத்துப் போச்சு, இடம் பத்தல, பழச இடிக்கலாமா வேணாமானு எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்குறாங்க. இதே பாடு பட்ட வேற ஊருங்க உலகத்துல இருக்கானு தேடுனேன், இருக்கு.

ஐரோப்பாவுல வெந்நீர் ஊத்து இருக்குற ஊருங்க நெறைய உண்டு, நோய் தீரும்னு ஜனங்க போயி முங்கிக் குளிச்சு அந்தத் தண்ணியக் குடிச்சும் வருவாங்க. அதச் சுத்தியே தங்குற விடுதி, கடைவீதி, நாடக மேடை எல்லாம் வந்து ஊரு பெருசாச்சு. அதுல 7 நாட்டுல இருக்குற 11 ஊர 2021-ல யுனெஸ்கோ ஒண்ணாச் சேத்து உலகப் பாரம்பரியப் பட்டியல்ல போட்டாங்க. இங்கிலாந்துல பாத், ஜெர்மனியில பாடன் பாடன், செக் நாட்டுல கார்லோவி வாரி, பிரான்ஸ்ல விஷி, பெல்ஜியத்துல ஸ்பா, இப்பிடி. ஸ்பானு நாம சொல்ற வார்த்தையே அந்த ஊருப் பேருதான். நம்ம தண்ணி சூடு கிடையாது, நாம போறது நோவுக்குன்னு இல்ல, பாவம் கழியறதுக்கும் முன்னோருக்குத் திதி குடுக்குறதுக்கும். ஆனா ஊரோட அமைப்பு ஒண்ணுதான், நடுவுல தண்ணி, சுத்தி அந்தத் தண்ணிய நம்பிப் பொழைக்கிற ஊரு.

அவங்க எல்லாரும் மூணு வழியில ஏதோ ஒண்ணுல போயிருக்காங்க, அந்த மூணையும் எங்க ஊருக்குப் போட்டுப் பாக்குறதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல இடிச்சுப் பெருசாக் கட்டுறது. இதுக்கு ஐரோப்பா வரைக்கும் போகவே வேணாம், காசியிலயே இருக்கு. விஸ்வநாதர் கோயிலச் சுத்தி 300க்கு மேல வீடு கடைகள வாங்கி இடிச்சு, கோயில்ல இருந்து கங்கைக்கு நேராப் போற மாதிரி பெரிய வளாகம் போட்டு 2021 டிசம்பர்ல திறந்தாங்க. சுமாரா 3,000 சதுர அடியா இருந்த இடம் 5 லட்சம் சதுர அடி ஆயிருச்சு. இடிக்கிறப்ப வீடுகளுக்குள்ள மறைஞ்சு கெடந்த 40க்கு மேற்பட்ட பழைய கோயில்கள் வெளிய வந்துச்சு. இதுல நல்லது இருக்கு, மனசாரச் சொல்றேன். எங்க அத்தை முட்டி ஆபரேஷன் பண்ணுனவங்க, ஆடி அமாவாசை அன்னைக்கு அக்னி தீர்த்தத்துல இருந்து ஈரச் சேலையோட கோயிலுக்குள்ள வந்து 22 தீர்த்தத்துக்கும் வரிசையில நின்னு கடைசியா கோடி தீர்த்தம் வர்றதுக்குள்ள அவங்க பட்ட பாட்ட நான் பக்கத்துல இருந்து பாத்தேன். ஈரத் தரை, வழுக்கல், பின்னாடி இருந்து தள்ளுறாங்க. அகலமான வழி, கைப்பிடி, உடை மாத்துற ரூம், நல்ல கக்கூஸ், இதெல்லாம் வேணும்னு கேக்குறவங்கள பாரம்பரியத்துக்கு எதிரினு சொல்றது தப்பு. கேக்குறது வயசானவங்க.

ஆனா காசி பாறை மாதிரி கெட்டியான மேட்டுல, வத்தாத கங்கைக் கரையில இருக்கு. எங்க ஊரு மணலு, சுத்தி நாலு பக்கமும் கடலு. இந்த வித்தியாசத்தக் கொஞ்சம் பொறுமையா வெளக்கணும், ஏன்னா மத்த எல்லா முடிவும் இதுல இருந்துதான் வருது.

ராமேஸ்வரம் தீவுல மண்ணுக்குக் கீழ நல்ல தண்ணி தனியா ஆத்துல இருந்தோ மலையில இருந்தோ வர்றது இல்ல. ஐப்பசி கார்த்திகையில பெய்யிற மழைதான் மணல்ல எறங்கி, அடியில இருக்குற உப்புத் தண்ணி மேல மெதக்குது. கடல் தண்ணி நல்ல தண்ணிய விட நூத்துக்கு ரெண்டரை பங்கு கனம், அதனால எண்ணெய் மெதக்குற மாதிரி இது மேல நிக்குது. இதுக்கு ஒரு கணக்கு இருக்கு, நூறு வருஷத்துக்கு மேல முந்தி கைபன்னு ஒரு டச்சுக்காரரும் ஹெர்ஸ்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரரும் தனித்தனியாக் கண்டுபுடிச்சது. கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நின்னா, கடல் மட்டத்துக்குக் கீழ சுமாரா 40 அடிக்கு நல்ல தண்ணி நிக்கும். இத அப்பிடியே திருப்பிப் போட்டுப் பாருங்க, மோட்டார் போட்டு மேல 1 அடி எறக்குனா கீழ இருந்து உப்பு 40 அடி ஏறி வந்துரும். ஒரே எடத்துல ஆழமா போர் எறக்கி உறிஞ்சுனா அந்த எடத்துல மட்டும் உப்புத் தண்ணி கூம்பு மாதிரி மேல வந்துரும், ஒருதடவ கரிச்சுப் போன கெணறு பழைய ருசிக்கு வர்றதுக்கு பல மழைக்காலம் ஆகும்.

வில்லூண்டி தீர்த்தத்துக்குப் போனவங்களுக்கு இது கண்ணால பாத்த விஷயம். தங்கச்சிமடத்துக்கிட்ட கடலுக்குள்ள பாலம் மாதிரி நடந்து போனா சுத்தி உப்புத் தண்ணி, நடுவுல கெணத்துல குடிக்கிற தண்ணி. சீதைக்கு தாகம் எடுத்தப்ப ராமர் வில்ல ஊன்றி எடுத்த தண்ணின்னு கதை. தனுஷ்கோடியில இப்பவும் மீனவப் பொம்பளைங்க மணல்ல கையாலயே ஊத்து தோண்டி, ஊற ஊற மோண்டு எடுப்பாங்க, ஆழமாத் தோண்ட மாட்டாங்க, தோண்டுனா உப்பு வந்துரும்னு அவங்களுக்குத் தெரியும். அந்த டச்சுக்காரர் கணக்கு எங்க ஊருல சின்னப் பிள்ளைக்குக் கூட கைப்பழக்கமா இருந்திருக்கு.

இப்ப அந்த 18 ரூமுக்கு வாங்க. ஹோட்டலுக்கு ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு 180 லிட்டர்னு கட்டட விதிப் புத்தகத்துல இருக்கு. ரூமுக்கு மூணு பேரு படுத்தா 54 பேரு, கிட்டத்தட்ட 10,000 லிட்டர். அதே எடத்துல எங்க அய்யா குடும்பம் அஞ்சாறு பேரு வாளியில எறைச்சுக் குளிச்ச வீடு. அது மட்டுமில்ல, இடிச்சா முற்றம் போயிரும், முற்றத்துல எறங்குன மழை ரோட்டுக்கு ஓடிரும். எடுக்குறதும் கூடுது, எறங்குறதும் நின்னு போகுது. அதோட கக்கூஸ் தண்ணி செப்டிக் டேங்க்ல இருந்து மணல்ல கசிஞ்சு பக்கத்துக் கெணத்துக்குத்தான் போகும், மணலுக்கு அத நிறுத்துற சக்தி கிடையாது. ஒரு வீடு இப்பிடி ஆனா ஊரு தாங்கும், சந்து பூரா ஆனா? எங்க கெணறு எங்க அப்பத்தா இருந்தவரைக்கும் நல்ல தண்ணி, வெயில் காலத்துல பக்கத்து நாலு வீட்டுக்காரங்க வந்து கொடத்துல எடுத்துட்டுப் போவாங்க. பக்கத்துல வரிசையா போர் எறங்குனதுக்கு அப்புறம் இப்ப சித்திரையில வாயில வச்சா கரிக்குது. அக்கா அன்னைக்குக் கெணத்தடியில உக்காந்ததுக்குக் காரணம் அதுதான், வேற பாசம் ஒண்ணும் இல்ல.

இதுல ஒரு ஊரு மொத்தமாவே தோத்த கதை இருக்கு. செக் நாட்டுல டெப்லிட்சேனு ஒரு வெந்நீர் ஊரு, ஐரோப்பாவுல பெரிய பேரு அதுக்கு. 1879 பிப்ரவரியில சில மைல் தள்ளி ஒரு நிலக்கரிச் சுரங்கத்துல தோண்டுறப்ப அடியில ஓடிக்கிட்டு இருந்த தண்ணிய ஒடைச்சு விட்டுட்டாங்க. சுரங்கம் முழுகிருச்சு, சில நாள்ல ஊருக்குள்ள நூத்தாண்டு கணக்கா பொங்கிட்டு இருந்த ஊத்து நின்னு போச்சு. குளியல் மண்டபம், ஹோட்டல், தோட்டம் எல்லாம் ஒரு செங்கல் கூட ஆடாம அப்பிடியே இருக்கு, தண்ணி மட்டும் இல்ல. அப்புறம் கெணறு மாதிரி ஆழமாத் தோண்டி தண்ணியத் தேடிப் புடிச்சாங்க. இதப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குக் கோடி தீர்த்தந்தான் நெனப்புல வந்துச்சு.

ரெண்டாவது வழி பூட்டி வைக்கிறது, எதையும் தொடாத, எதையும் மாத்தாதங்குறது. மத்திய தொல்லியல் துறை பாதுகாக்குற சின்னங்களுக்கு இப்பிடி விதி இருக்கு, 100 மீட்டருக்குள்ள புதுசா எதுவும் கட்டக்கூடாது, அதுக்கு மேல 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும். ராமநாதசுவாமி கோயில் அறநிலையத் துறை கையில இருக்கு, அதனால அந்த விதி அப்பிடியே இங்க வராது. மதுரையில மீனாட்சி கோயிலச் சுத்தி 1 கிலோமீட்டருக்குள்ள 9 மீட்டருக்கு மேல ஒசரம் போகக்கூடாதுனு இருக்கு, மேல மாசி வீதியில நின்னு பாத்தா எத்தன கட்டடம் அத மதிச்சிருக்குனு தெரிஞ்சிரும்.

பூட்டி வச்சா என்ன ஆகும்னு பாத் ஊரப் பாருங்க. ரோமர் காலத்துக் குளம், 46 டிகிரி வெந்நீர், நாளைக்கு 10 லட்சம் லிட்டருக்கு மேல தானா வருது. 1978-ல அந்த வெந்நீர்ல குளிச்ச ஒரு சின்னப் பொண்ணு தண்ணியில இருந்த அமீபா மூளைக்கு ஏறி செத்துப் போச்சு, உடனே குளியல் எல்லாத்தையும் மூடிட்டாங்க. ரோமன் குளம் இன்னைக்கும் அருங்காட்சியகந்தான், டிக்கெட் வாங்கிச் சுத்திப் பாக்கலாம், கால நனைக்கக் கூடாது. குளிக்கிறதுனே பேரு வச்ச ஊருல ஏறக்குறைய 28 வருஷம் யாரும் அந்தத் தண்ணியில குளிக்க முடியல.

எங்களுக்கு அதோட ருசி கொரோனா சமயத்துல தெரிஞ்சது. தீர்த்தமாட விடாம மாசக்கணக்கா நிறுத்தி வச்சிருந்தாங்க. கெணத்து மேல ஏறி நின்னு வாளியில எறைச்சு தலையில ஊத்துறவங்க குடும்பம் எத்தனையோ, அத்தன பேருக்கும் அடுப்பு எரியிறது அந்தக் கயித்துலதான். 1212 தூணு இருக்குற பிரகாரம் அப்பிடியேதான் இருந்துச்சு, ஆனா தரை காஞ்சு கெடந்துச்சு, அந்தப் பிரகாரத்துல ஈரம் இல்லாமப் பாத்தது அதுதான் எனக்கு முதல் தடவ. தீர்த்தம்னா எறைச்சு ஊத்துறது. கம்பி வேலி போட்டு போர்டு வச்சா அது வெறும் கெணறு.

வீட்டுக்கும் இதே கதைதான். தொடாதனு சொன்னா யாரு ரிப்பேர் பண்ணுவா? முருகைக்கல் இப்ப கிடைக்காது, கிடைக்கவும் கூடாது, பவளப்பாறைய 2001-லயே வன உயிரினச் சட்டத்துல புலி யானைக்குச் சமமான பட்டியல்ல சேத்துட்டாங்க, எங்க கண்ணுக்கு முன்னாடி இருக்குற மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவே அதுக்காக 1986-ல உண்டானதுதான். அப்ப சுவரு விரிஞ்சா என்ன பண்றது? முன்னாடி இடிஞ்ச வீட்டுக் கல்ல வாங்கி வைக்கணும், இல்ல செங்கல்லு வச்சு சுண்ணாம்புல பூசணும். சிமெண்டு பூசக்கூடாது, இத நான் அனுபவத்துல சொல்றேன். வாசப் பக்கத்துச் சுவத்துல பத்து வருஷம் முந்தி ஒருத்தர நம்பி சிமெண்டு பூச்சு பூசுனோம், உள்ள இருக்குற ஈரமும் உப்பும் வெளிய வர வழியில்லாம கல்லத் தின்னுட்டு இருந்துச்சு, பூச்சு பெயர்ந்தப்ப கூட நாலு விரக்கடை கல்லும் மாவாக் கொட்டுச்சு. சுண்ணாம்பு பூசுன பக்கம் இன்னைக்கும் நல்லா இருக்கு. ஆனா கிளிஞ்சல் சுண்ணாம்பு ஊற வச்சு, கடுக்கா வெல்லம் போட்டுப் பூசத் தெரிஞ்ச கொத்தனாரு தேடுனா எங்க பக்கம் விரல் விட்டு எண்ணிறலாம், எல்லாரும் வயசானவங்க. தொடாதேங்குற சட்டம் வச்சுக்கிட்டு கொத்தனார உண்டாக்கலேன்னா வீடு தானா விழுந்துரும், விழுந்தப்புறம் லாட்ஜ் கட்ட அனுமதி கேக்குறது இன்னும் சுலபம்.

தம்பிக்கிட்ட ஒண்ணு மட்டும் சொன்னேன், கான்கிரீட்டும் இங்க சிரஞ்சீவி இல்லடா. உப்புக் காத்துல உள்ள கம்பி துருப்புடிச்சு ஊதி காங்கிரீட்ட வெடிக்க வச்சிரும், கடக்கரையோரம் இருபது இருபத்தஞ்சு வருஷக் கட்டடங்கள்ல சீலிங் கொட்டுறத அவனே பாத்திருக்கான். அய்யா வீடு அத விட மூணு மடங்கு வயசு.

மூணாவது, தள்ளிக் கட்டுறது. பழசு பழசா ஓடணும், புதுசு வேற எடத்துல வரணும். இதுல என் மனசு நின்னது ஜப்பான்ல மட்சுயாமாங்குற ஊருல இருக்குற டோகோ வெந்நீர்க் குளியல் வீட்டுலதான். 1894-ல கட்டுன மூணு அடுக்கு மரக் கட்டடம், நகராட்சிக்குச் சொந்தம், தெனம் ஜனங்க குளிக்கிற எடம். கட்டடம் ஆடிப் போச்சு, ரிப்பேர் பண்ணணும், ஆனா மூடுனா கடைவீதி செத்துரும். என்ன பண்ணுனாங்கன்னா, முதல்ல 2017-ல கொஞ்ச தூரத்துல புதுசா ஒரு குளியல் வீடு கட்டி கூட்டத்தப் பிரிச்சாங்க. அப்புறம் 2019 ஜனவரியில பழைய கட்டடத்துல வேலைய ஆரம்பிச்சு, ஒரு பகுதியில சாரம் கட்டி வேலை நடக்குறப்ப இன்னொரு பகுதியில ஜனங்கள குளிக்க விட்டு, அஞ்சு வருஷத்துக்கு மேல பொறுமையா செஞ்சு 2024 ஜூலையில முழுசாத் திறந்தாங்க. முதல்ல மாத்து இடம், அப்புறம் கை வைக்கிறது. இந்த வரிசையத்தான் நம்ம ஊருல தலைகீழாப் பண்ணுறோம், இடிச்சிட்டு அப்புறம் ஜனங்க எங்க போவாங்கனு யோசிக்கிறோம்.

பாத் ஊருக்காரங்களும் கடைசியில இங்கதான் வந்தாங்க. 2006-ல ரோமன் குளத்தத் தொடாம, சில தெரு தள்ளி பழைய சின்னக் குளியல் மண்டபங்களச் சரி பண்ணி, அதுக்குப் பக்கத்துலயே கண்ணாடிக் கட்டடம் ஒண்ணு புதுசாக் கட்டி, அதே ஊத்துத் தண்ணிய சுத்தம் பண்ணி விட்டாங்க. சுலபமா ஒண்ணும் நடக்கல, சொன்ன தேதிக்கு வருஷக்கணக்கா லேட்டு, போட்ட பட்ஜெட்ட விட பல மடங்கு செலவு. பாடன் பாடன்ல 1877-ல கட்டுன குளியல் மாளிகைய அப்பிடியே ஓட்டிக்கிட்டு 1985-ல பக்கத்துல புதுசு திறந்தாங்க, ஊருக்குள்ள போன வண்டிகள 1989-ல ரெண்டரை கிலோமீட்டர் சுரங்கப் பாதை போட்டு மலைக்குள்ள அனுப்பிட்டாங்க. அவங்க ஊரு அமைதியா இருக்குறதுக்கு பழைய கட்டடத்த விட அந்தச் சுரங்கப் பாதைக்குத்தான் அதிகம் நன்றி சொல்லணும்.

இத எல்லாம் படிச்சிட்டு இருக்குறப்ப அக்கா ஒரு கேள்வி கேட்டுச்சு. "இது நம்ம சேதுபதி ராஜாக்க செஞ்சதுதானேடா, இதுக்கு எதுக்கு ஜப்பானு?" உண்மைதான். பழைய சேது யாத்திரைய நெனச்சுப் பாருங்க. உப்பூர் பிள்ளையாருக்கிட்ட தொடங்கி, தேவிபட்டினத்துல கடலுக்குள்ள நவகிரகமா நிக்கிற ஒன்பது கல்லு, நவபாஷாணம், அங்க குளிச்சு, திருப்புல்லாணியில பெருமாளச் சேவிச்சு சக்கர தீர்த்தத்துல எறங்கி, சேதுக்கரையில முங்கி, அப்புறம் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம்னு வந்து கடைசியா ராமேஸ்வரம். வழி நெடுக ராம்நாட்ட ஆண்ட அந்தச் சேதுபதிக சத்திரமும் மடமும் ஊரணியும் வெட்டி வச்சாங்க. அது தர்மம் மட்டும் இல்ல, கூட்டத்தப் பல எடத்துல பிரிச்சு உக்கார வைக்கிற ஏற்பாடு. ஒவ்வொரு ஊரும் அதோட தண்ணிக்குத் தக்க ஆளத் தாங்குச்சு. 1914-ல ரயில் பாலம், 1988-ல ரோட்டுப் பாலம் வந்தப்புறம் வழியில எறங்க வேண்டிய தேவை போயிருச்சு, இப்ப 2025 ஏப்ரல்ல புதுப் பாலமும் திறந்தாச்சு. நடுவுல 2022 டிசம்பர்ல இருந்து ரயிலே வராம ஊரு பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும், ரயில் வேணாம்னு சொல்ல நான் பைத்தியமில்ல. ஆனா எல்லாரும் ஒரே ராத்திரியில ஒரே ரெண்டு கிலோமீட்டருக்குள்ள தூங்கணும், ஒரே மணல்ல இருந்து தண்ணி எடுக்கணுங்குறது பாலம் கேட்டது இல்ல, நாம பழக்கிக்கிட்டது.

அதனால எனக்கு மூணாவது வழிதான். புதுசா வர்ற பெரிய லாட்ஜ், வேன் பார்க்கிங், சமையல் கூடம் எல்லாம் தீவுக்கு வெளிய, காவிரி கூட்டுக் குடிநீரும் கழிவுத் தண்ணி ஏற்பாடும் குடுக்க முடியிற எடத்துல, உச்சிப்புளி ராம்நாடு பக்கம் வரட்டும். ராத்திரி அங்க தங்கி விடிகாலையில ரயில்லயோ பஸ்லயோ வந்து தீர்த்தமாடிட்டு மதியம் திரும்பட்டும். மண்டபத்துல தள்ளுறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன், அங்கயும் கடக்கரை மணல்தான், நம்ம நோயத் தூக்கி அவங்க தலையில வைக்கிற மாதிரி ஆயிரும்.

இதுல நஷ்டப்படுறவங்க உண்டு, அத மறைச்சுப் பேசக்கூடாது. ரத வீதியச் சுத்தி ரெண்டு ரூம் மூணு ரூம் வாடகைக்கு விட்டுப் பொழைக்கிற குடும்பங்க, ஆட்டோக்காரங்க, ராத்திரி இட்லிக் கடை போடுறவங்க. பெரிய லாட்ஜு தள்ளிப் போகட்டும், இந்தச் சின்ன வீடுகள்ல ரூம் விடுறதுக்கு லைசென்ஸ் சுலபமாக் குடுக்கணும், எங்கள மாதிரி முற்றமும் கெணறும் வச்சிருக்குற வீட்டுக்கு வரியில ஒரு கழிவு குடுத்தா பாதிப் பேரு இடிக்கவே மாட்டாங்க. காசில்லாமத்தான் இடிக்கிறாங்க, பழசு மேல வெறுப்புல யாரும் இடிக்கல.

ஆனா மூணுல எந்த வழி போனாலும் அதுக்கு முன்னாடி தண்ணிக்கு ஒரு சட்டம் வேணும், இது என்னோட முக்கியமான பேச்சு. பாத் ஊருல 1982-ல ஒரு சட்டம் போட்டாங்க, ஊத்தச் சுத்தி குறிப்பிட்ட எல்லைக்குள்ள குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழ யாரு தோண்டுனாலும், சொந்த எடமா இருந்தாலும், முன்கூட்டியே அனுமதி வாங்கணும். கட்டடத்துக்கு ஒசரம் எவ்வளவுனு கேக்குற மாதிரி ஆழம் எவ்வளவுனும் கேக்குறாங்க. தமிழ்நாட்டுல 2003-ல நிலத்தடி நீர்ச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்து 2013-ல அத எடுத்தே போட்டுட்டாங்க. கடலோர ஒழுங்குமுறை விதியில நிலத்தடித் தண்ணி எடுக்கவும் கட்டுப்பாடு இருக்கு, இருந்தும் எங்க சந்துல போர் வண்டி சத்தம் ராத்திரியிலதான் கேக்குது. மேல இருக்குற கோபுரத்த எல்லாரும் பாக்குறாங்க, அது விழுந்தா பேப்பர்ல வரும். கெணத்துக்கு அடியில உப்பு ஏறுறது யாரு கண்ணுக்கும் தெரியாது.

எல்லா ஊருக்கும் ஒரே மருந்து கிடையாதுங்குறதும் சொல்லிடுறேன். தேவிபட்டினத்துல கடலுக்குள்ள போக நடைபாதை போட்டாச்சு, அது போதும், இனிமே அங்க வேணுங்குறது தண்ணியில மெதக்குற துணியும் மாலையும் தெனம் அள்ளுறதுக்கு ஆளு. சேதுக்கரையில கட்டணும், தயங்காமக் கட்டணும், பொம்பளைங்க உடை மாத்துறதுக்கு நல்ல ரூமும் கக்கூஸும். தனுஷ்கோடியில எதுவுமே கட்டக்கூடாது. 1964 டிசம்பர்ல ஒரே ராத்திரியில கடல் கொண்டு போன ஊரு அது, 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வந்தப்புறம் வண்டி வரிசையா நிக்குது, இடிஞ்ச சர்ச்சு சுவத்துல பேரு கிறுக்கி முருகைக்கல்ல பேத்து எடுத்துட்டுப் போறாங்க. அங்க ஒரு காவலாளியும், ரோட்ட விட்டு வண்டி எறங்காம ஒரு தடுப்பும் போதும்.

தீவுக்குள்ள கோயிலுக்கு வெளிய மண்ணு மூடிக் கெடந்த பல தீர்த்தங்கள விவேகானந்த கேந்திரத்துக்காரங்க தூர் வாரிக் கரை கட்டிக் குடுத்திருக்காங்க. நான் போய்ப் பாத்ததுல ஒண்ணு ரெண்டுல தண்ணி ருசியாவே இருந்துச்சு. லாட்ஜ் இல்லாத பக்கம் அது. மழையும் மணலும் அதோட வேலைய இன்னும் செய்யுது, விட்டாச் செய்யும்.

வீட்டு விஷயம். போன வாரம் மூணு பேரும் போன்ல உக்காந்து பேசுனோம். பில்டருக்கு முடியாதுனு சொல்லியாச்சு. தம்பிக்குப் பணம் வேணும், அதனால முன்கட்டு ரெண்டு ரூமையும் சரி பண்ணி யாத்திரைக் குடும்பங்களுக்கு விடுறது, வர்ற வாடகையில முதல் மூணு வருஷம் அவனுக்குப் பாதி, எனக்கும் அக்காவுக்கும் கால் கால். ஓட்டுத் தண்ணியெல்லாம் முற்றத்துக்கே எறங்குற மாதிரி வாட்டம் திருப்பி, கெணத்துக்குப் பக்கத்துல மணலும் கூழாங்கல்லும் போட்டு ஒரு குழி. வாசச் சுவத்துல இருக்குற சிமெண்ட சொரண்டி எடுத்துட்டு சுண்ணாம்பு பூசணும், கீழக்கரைப் பக்கம் ஒரு கொத்தனாரு இருக்காரு, பழைய பள்ளிவாசல் வேலையெல்லாம் பாத்த கை, புரட்டாசிக்கு முன்னாடி வர்றேன்னு சொல்லிருக்காரு. மோட்டார கழட்டுறதா வேணாமாங்குறதுலதான் இன்னும் இழுபறி, ரூம் விட்டா வாளியில எவன் எறைப்பான்னு தம்பி கேக்குறான், அதுக்கு அக்கா, அப்ப மேல தொட்டி சின்னதா வையி, ஒரு தொட்டி ரொம்பி முடிஞ்சா அன்னைக்கு அவ்வளவுதான்னு சொல்லுது.